தோல் என்னும் ஆடி

நுழையும்முன்

ஆடைக்குள் மறைத்துவைத்த பொருளைத் தொடாமலே கண்டறியும் கருவிகள் உலகின் பல விமான நிலையங்களில் இயங்கி வருகின்றன. அவற்றிலிருந்து புறப்படும் அலை ஆடையைக் கடந்து செல்கிறது. தோலை அடைந்ததும் திரும்புகிறது. தோலில் நிகழும் இந்தச் சிறு நிகழ்ச்சியை அறிந்தால் கருவி எதைக் காண்கிறது, எதைக் காண இயலாது, அதனைக் குறித்து அஞ்சுதல் தகுமா என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கும். அவ்விடைகளை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஏரியும் கடலும்

செங்கல்பட்டு நகரையொட்டிப் பரந்து கிடப்பது கொளவாய் ஏரி. காற்றடங்கிய விடியற்பொழுதில் அதன் நீர்ப்பரப்பு அசைவற்றிருக்கும். கரையில் நிற்பவர், எழும் கதிரவனின் உருவத்தை நீரில் ஒரே இடத்தில், வட்டம் குலையாமல் காண்பார். அதே விடியலில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் நிற்பவர் காணும் காட்சி வேறு. கீழ்வானத்திலிருந்து கரைவரையில் நீண்டதோர் ஒளிப்பாதை மின்னிக்கொண்டிருக்கும். கதிரவனின் வட்ட வடிவம் அதில் தெரியாது.

இரண்டும் நீர்ப்பரப்புகளே. இரண்டின்மீதும் விழுவது ஒரே கதிரவனின் ஒளியே. ஏரிநீர் சமதளமாக இருப்பதால் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. இஃது ஒழுங்கான எதிரொளிப்பு. கடல்நீரோ எண்ணற்ற சரிவுகளாக உடைந்து கிடப்பதால் ஒளி பல திசைகளிலும் பிரிந்து செல்கிறது. இது சிதறல். ஒரு பரப்பு தன்மீது விழும் அலையை ஆடிபோல் திருப்புமா, கடல்போல் சிதறடிக்குமா என்பதே உடல் வருடிக் கருவிகளின் அறிவியலுக்கு அடிப்படை.

வழவழப்பும் சொரசொரப்பும்

ஒரு பரப்பை வழவழப்பானது என்றோ சொரசொரப்பானது என்றோ தனித்துச் சொல்லிவிட இயலாது. அதன்மீது விழும் அலையின் நீளத்தோடு ஒப்பிட்டே அதைச் சொல்லவேண்டும். ஆங்கில இயற்பியலறிஞர் ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் அளவுகோல் ஒன்று இதற்கு உதவுகிறது. பரப்பின் மேடுபள்ளங்கள், நேர்க்குத்தாக விழும் அலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்கினும் சிறியவையாயின் அப்பரப்பு அந்த அலைக்கு வழவழப்பானது. அதனினும் பெரியவையாயின் சொரசொரப்பானது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் உளியால் கொத்தி நிறுத்தப்பட்ட கற்பலகையை எண்ணிப் பார்க்கலாம். கொத்தலின் ஆழம் அரை மில்லிமீட்டர் எனக் கொள்வோம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.0005 மில்லிமீட்டர். அவ்வொளிக்கு இந்தக் கற்பலகை மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த நிலம். ஆகவே கல்லில் முகம் தெரிவதில்லை. சிற்பி அதனைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பின்னரே முகம் நிழலாடும். ஆனால், 10 மில்லிமீட்டர் நீளமுள்ள அலையொன்று அதே கல்லின்மீது விழுந்தால், மெருகேற்றாத நிலையிலேயே அஃது ஆடியாகிவிடும். ஏனெனில் அவ்வலைக்குரிய எல்லை 1.25 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்ப் பள்ளங்கள் அவ்வலையின் பார்வைக்கு இல்லாதவை போன்றவையே.

மனிதத் தோலுக்கும் இவ்விதி பொருந்தும். தோலின் மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்ணிய வரிப்பள்ளங்களின் ஆழம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளே. ஒளிக்கு இது மிகப் பெரிய ஆழம். மேலும், ஒளி தோலுக்குள் சற்றுப் புகுந்து அங்கும் சிதறுண்டு வெளிவருகிறது. அதனால்தான் ஒருவரின் முகத்தை எத்திசையிலிருந்தும் காண முடிகிறது. 10 மில்லிமீட்டர் அலைக்கோ அதே தோல் மெருகேற்றிய கல்லாகும்.

அலைக்குடும்பத்தில் ஓர் இடைநிலத்தார்

வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்புக் கதிர், ஒளி, எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகிய அனைத்தும் மின்காந்த அலைகளே. அலைநீளமும் அதிர்வெண்ணுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. 10 மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை மில்லிமீட்டர் அலைகள். அவற்றின் அதிர்வெண் 30 முதல் 300 கிகா ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்து, அதில் பத்தில் ஒரு பங்கு வரை நீளமுள்ளவை துணைமில்லிமீட்டர் அலைகள். இவற்றின் அதிர்வெண் 300 முதல் 3000 கிகா ஹெர்ட்ஸ். வானொலி நிலத்திற்கும் ஒளி நிலத்திற்கும் இடைப்பட்டவை ஆதலின், இரண்டின் இயல்புகளும் இவற்றிடம் உண்டு. வானொலி அலைபோல் ஆடையைக் கடக்கும். ஒளிபோல் வில்லையாலும் ஆடியாலும் குவிக்கப்படும்.

தெரிந்து தெளிவோம்
மில்லிமீட்டர் அலைகளை உலகில் முதன்முதலாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இந்திய அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ். 1890களில் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் 5 மில்லிமீட்டர் அளவு குறுகிய அலைகளை அவர் உண்டாக்கினார். அவற்றை எதிரொளிக்கவும் விலகச் செய்யவும் உரிய கருவிகளைத் தாமே வடிவமைத்தார். 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் தம் ஆய்வைச் செய்து காட்டினார்.

நீர் காக்கும் வாயில்

ஆடையைக் கடந்த அலை தோலை ஏன் கடப்பதில்லை? விடை நீரில் இருக்கிறது. தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களாலான காய்ந்த படலம் ஒன்று உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பிற இடங்களில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குகளே. அதன் கீழே உள்ளவை உயிருள்ள செல்களும் இழைமங்களும் நிறைந்த ஈரமான அடுக்குகள். அவற்றின் எடையில் பெரும்பகுதி நீரே.

நீர் மூலக்கூற்றின் ஒருபுறம் நேர்மின் தன்மையும் மறுபுறம் எதிர்மின் தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் மாறி மாறி வரும்போது மூலக்கூறு அதற்கேற்பத் திரும்ப முயல்கிறது. அண்டை மூலக்கூறுகள் அதனைப் பற்றி இழுப்பதால் அலையின் விரைவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இந்த இழுபறியில் அலையின் ஆற்றல் வெப்பமாக மாறித் தீர்ந்துவிடுகிறது. 30 கிகா ஹெர்ட்ஸ் அலை தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் செல்வதற்குள் பெரிதும் தேய்ந்துவிடும். 675 கிகா ஹெர்ட்ஸ் அலையோ எழுதும் தாள்கள் ஒன்றிரண்டின் தடிமனுக்குள் பெரும்பகுதியை இழந்துவிடும்.

புகுந்த அலை அடங்கிவிட, எஞ்சியது பரப்பிலேயே திரும்புகிறது. காற்றிலிருந்து ஈரப்பரப்பை அடையும்போது அலையின் வேகம் திடீரென மாறுவதே இதற்குக் காரணம். 30 கிகா ஹெர்ட்ஸ் அலையில் பாதிக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் தோலிலிருந்து திரும்பும். துணைமில்லிமீட்டர் அலையில் திரும்புவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. உலோகமோ ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடும். இந்த ஏற்றத்தாழ்வே கருவியின் கண்ணுக்குக் கருப்பும் வெளுப்புமாக அமைகிறது.

சிதறல் என்றதும் சர் சி. வி. இராமனின் பெயர் மாணவர்க்கு நினைவில் எழும். 1928இல் அவர் கண்டறிந்த சிதறலில் மூலக்கூறுகள் ஒளியின் அதிர்வெண்ணையே மாற்றிவிடுகின்றன. தோலின் பரப்பில் நிகழும் சிதறல் அத்தகையதன்று. இங்கே அதிர்வெண் மாறுவதில்லை. திசையும் வலிமையும் மட்டுமே மாறுகின்றன.

பித்தளைக் குடமும் மண்பானையும்

வெயிலில் ஒரு மண்பானையையும் துலக்கிய பித்தளைக் குடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பானையின் வெயில்பட்ட பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தெரியும். குடத்திலோ ஒரு சிறு புள்ளி மட்டும் கண்ணைக் கூசவைக்கும். அப்புள்ளியில்தான் கதிரவனின் ஒளி பார்ப்பவர் கண்ணை நோக்கித் திரும்புகிறது. மற்ற இடங்களில் பட்ட ஒளி வேறு திசைகளுக்குப் போய்விடுகிறது.

ஒளிக்கு மண்பானையாக இருக்கும் மனித உடல், மில்லிமீட்டர் அலைக்குப் பித்தளைக் குடமாகிவிடுகிறது. ஓரிடத்தில் நிறுத்திய ஒரே கருவியைக் கொண்டு நோக்கினால் மார்பும் நெற்றியும்போலக் கருவியை நேர்நோக்கும் பகுதிகள் பளிச்சிடும். விலாப்புறமும் தோள்சரிவும் இருண்டுவிடும். இருண்ட இடத்தில் பொருள் இருந்தாலும் தெரியாமற் போகலாம். இக்குறையை நீக்கவே, விமான நிலையக் கூண்டுகளில் ஆன்டெனாக்களின் வரிசை உடலைச் சுற்றி வருகிறது. நிற்பவரைக் கைகளை உயர்த்தி நிற்கச் சொல்வதும், கையின் மறைவில் எந்தப் பக்கமும் ஒளிந்துவிடாமலிருக்கவே. இவ்வகை முப்பரிமாண உருவாக்கத்திற்கு அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகம் 1990களில் அடித்தளமிட்டது.

துணைமில்லிமீட்டர் அலையில் நிலைமை சற்று மாறுகிறது. 675 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.44 மில்லிமீட்டர். அதற்குரிய எல்லை 0.055 மில்லிமீட்டர். தோலின் வரிப்பள்ளங்களும் ஏறத்தாழ இந்த அளவினவே. ஆகவே தோல் முழு ஆடியாகவும் இராது. முழுச் சொரசொரப்பாகவும் இராது. திரும்பும் அலையின் பெரும்பகுதி ஆடியின் விதிப்படியும், எஞ்சியது பல திசைகளிலும் செல்லும். சிதறிய அலைகள் தமக்குள் கூடியும் குலைந்தும் உருவத்தில் புள்ளி புள்ளியான கறைகளை உண்டாக்குவதும் உண்டு. அலைநீளம் மேலும் குறைந்து பத்தில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் தோல் சொரசொரப்பான பரப்பாகவே மாறிவிடும்.

வியர்வையும் இதில் பங்கு கொள்கிறது. தோலுக்குள் வியர்வை நாளங்கள் திருகுசுருள் வடிவில் அமைந்துள்ளன. இவை இவ்வகை அலைகளுக்கு நுண்ணிய ஆன்டெனாக்கள்போல் செயற்படக்கூடும் என்னும் கருத்தை 2008இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூரி ஃபெல்ட்மன் குழுவினர் முன்வைத்தனர். உடற்பயிற்சிக்குப் பின் உள்ளங்கையிலிருந்து திரும்பும் அலை மாறுபடுவதையும் அவர்கள் அளந்து காட்டினர்.

ஆடையும் அலையும்

உலர்ந்த பருத்தி ஆடை மில்லிமீட்டர் அலைக்குக் கண்ணாடி போன்றது. அலைநீளம் குறையக் குறைய நூலின் பருமனும் நெசவின் இடைவெளியும் அலைக்குப் புலப்படத் தொடங்கும். ஆடையே சிறிது சிதறடிக்கும், சிறிது உட்கவரும். மழையிலோ வியர்வையிலோ நனைந்த துணியில் உள்ள நீர், தோலின் நீரைப் போலவே அலையைத் தடுக்கும்.

செங்கல்பட்டை அடுத்த காஞ்சிபுரத்தின் பட்டுச்சேலை இங்குத் தனிக் கவனத்திற்குரியது. பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை, இவ்வலைகளைப் பொறுத்தவரை உலோகமே. அகன்ற சரிகைக் கரை மடிந்து கிடக்கும் இடத்தில் அலை உள்ளே செல்லாமல் திரும்பிவிடும். அணிந்திருப்பவரிடம் எக்குற்றமும் இல்லாதபோதும் கருவி ஐயத்தை எழுப்பலாம். எனவே ஒரு நாட்டில் உருவான கருவியை வேறொரு நாட்டு மக்கள் முன் நிறுத்தும்போது அம்மக்களின் உடைமரபையும் கருவிக்குக் கற்பித்தாக வேண்டும்.

மறைத்த பொருள்கள் எவ்வாறு வெளிப்படுகின்றன? உலோகக் கத்தி, தோலைவிட வலிமையாக அலையைத் திருப்புவதால் பளிச்சிடும். நெகிழிப் பொருளோ அலையின் சிறு பகுதியைத் தன் மேற்பரப்பில் திருப்பி, எஞ்சியதை உள்ளே விடும். அவ்வலை மெதுவாகச் சென்று, பின்னாலுள்ள தோலில் பட்டு, காலம் தாழ்த்தித் திரும்பும். கருவி அதனை, அவ்விடத்தில் உடல் உட்குழிந்ததுபோலக் காட்டும். உலோகத்தை மட்டும் உணரும் வாயிலில் சிக்காத பொருள் இவ்வாறு சிக்கிக்கொள்கிறது.

தொலைவிலிருந்து நோக்குதல்

மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்களின் சந்திப்பு நிகழ்ந்தது. 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அங்கே நடைபெற்றது. இத்தகைய கூடுகைகளில் ஒவ்வொருவரையும் கூண்டுக்குள் நிறுத்திச் சோதிப்பது காலத்தை விழுங்கும். நடந்து வருவோரைத் தொலைவிலிருந்தே நோக்க இயலுமா என்னும் வினாவே ஆய்வாளர்களைத் துணைமில்லிமீட்டர் அலையை நாடச் செய்தது.

காரணம் எளிய கணக்கு. தொலைவிலுள்ள பொருளில் எவ்வளவு நுண்மையைப் பிரித்தறியலாம் என்பது, அலைநீளத்தைத் தொலைவால் பெருக்கிக் குவியாடியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். 25 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நுண்மை வேண்டுமாயின், 0.44 மில்லிமீட்டர் அலைக்கு 1 மீட்டர் விட்டமுள்ள குவியாடி போதும். 10 மில்லிமீட்டர் அலைக்கோ 20 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் வேண்டும். அதை நிறுத்த ஒரு கட்டடமே தேவைப்படும். அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 675 கிகா ஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் இத்தகைய ரேடார் ஒன்றை உருவாக்கி, 25 மீட்டர் தொலைவிலிருந்து ஆடைக்குள் மறைந்த பொருளைக் கண்டறிந்து காட்டியது. இதுபற்றிய ஆய்வுரை 2011இல் வெளியாயிற்று.

ஆயினும் காற்றில் கலந்துள்ள நீராவி இங்குத் தடையாகிறது. 557, 752 கிகா ஹெர்ட்ஸ் அளவுகளில் நீராவி அலையை வலுவாக உட்கவரும். இடைப்பட்ட 670ஐ ஒட்டிய பகுதி ஓரளவு திறந்த சாளரம். வறண்ட காற்றில் அச்சாளரம் நன்கு திறந்திருக்கும்; மாமல்லபுரம் போன்ற ஈரமிக்க கடற்கரையில் அது பாதி சாத்தப்பட்டதாகும். துணைமில்லிமீட்டர் அலைகளில் விண்ணை நோக்கும் அல்மா தொலைநோக்கித் தொகுதியைச் சிலி நாட்டில் ஏறத்தாழ 5000 மீட்டர் உயரமுள்ள வறண்ட மேட்டில் அமைத்ததும் இதனாலேயே.

அச்சமும் அளவும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் உள்ளது. அதனால் கதிர்வீச்சு என்னும் சொல் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. அணுவுலையோடு தொடர்புடைய காமாக் கதிரும், உடல் வருடியின் அலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் ஆற்றல் வேறு.

ஓர் அலை உயிரணுவின் மூலக்கூற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்குமா என்பதை அதன் ஒவ்வொரு ஃபோட்டானும் சுமக்கும் ஆற்றலே முடிவுசெய்யும். நீர் மூலக்கூற்றை அயனியாக்க ஏறத்தாழ 12.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 675 கிகா ஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 0.0028 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. தேவையான அளவில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காமாக் கதிரின் ஃபோட்டானோ பல இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமக்க வல்லது. ஆகவே இவ்வலைகள் அயனியாக்காதவை. அவை செய்யக்கூடியது தோலைச் சற்றே சூடாக்குவதுதான். கருவிகளின் திறன் மிகக் குறைவாக இருப்பதால் அச்சூடும் உணரத்தக்கதன்று.

மானமும் காவலும்

உடலுக்குத் தீங்கில்லை என்பதனால் மட்டும் இச்செய்தி முடிந்துவிடவில்லை. ஆடையைக் கடந்து தோலில் திரும்பும் அலை, மறைத்த கத்தியைக் காட்டுவதுபோலவே மறைக்கவேண்டிய உடலையும் வரைந்துவிடும். தொடக்கக் காலக் கருவிகள் உருவாக்கிய படங்களை அலுவலர் ஒருவர் தனியறையில் அமர்ந்து பார்த்தார். பயணிகள் பலர் இதனைத் தம் மானத்திற்கு இழுக்கெனக் கருதினர்.

இதற்கு விடையாக வந்தது ஒரு மென்பொருள். சிதறிய அலையின் கணக்கைக் கணினியே ஆராய்கிறது. உடலின் படம் எவருக்கும் காட்டப்படுவதில்லை. எல்லார்க்கும் பொதுவான ஒரு கோட்டுருவம் திரையில் தோன்றும். ஐயத்திற்குரிய இடத்தில் மட்டும் ஒரு கட்டம் ஒளிரும். இம்மென்பொருள் பொருத்தப்படாத எக்ஸ் கதிர்ச் சிதறல் கருவிகள் 2013இல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. இந்தியாவில் 84 விமான நிலையங்களில் உடல் வருடிகளை நிறுவுமாறு சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2019 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கானோரைக் கையால் தடவிச் சோதிக்கும் முறையைக் குறைக்க இக்கருவிகள் துணைபுரியும்.

கருவியின் எல்லையையும் மறத்தலாகாது. தோலைக் கடக்காத அலை, விழுங்கிய பொருளையோ உடலுக்குள் வைத்ததையோ காட்டாது. நனைந்த மடிப்பும் சரிகைக் கரையும் பொய்யான ஐயத்தை எழுப்பலாம். கட்டம் ஒளிர்ந்ததனாலேயே ஒருவர் குற்றவாளியாகிவிடுவதில்லை. அவ்விடத்தில் அலை வேறுவிதமாகத் திரும்பியது என்பதே அதன் பொருள். அதற்குக் காரணம் ஆயுதமா, அணிகலனா என ஆராய்ந்து முடிவுசெய்யும் பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது. அவ்வாறு ஆராய்பவருக்கும், ஆராயப்படுவதற்காகக் கைகளை உயர்த்தி நிற்பவருக்கும், அலை எங்கே நின்றுவிடுகிறது என்னும் அறிவு ஒருசேரத் தேவை. அவ்வறிவு உள்ள இடத்தில் காவல் கடுமையாகாமலும் மானம் குன்றாமலும் இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. மெருகேற்றிய உலோகக் கலம் ஒன்றையும் மண்கலம் ஒன்றையும் கைவிளக்கின் ஒளியில் பல திசைகளிலிருந்து நோக்கி, காணும் வேறுபாட்டைக் குறிப்பெடுத்து வகுப்பில் விளக்குக.

2. 3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள அலைக்கு மனிதத் தோல் வழவழப்பானதா, சொரசொரப்பானதா? கட்டுரையில் கூறப்பட்ட அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டு எழுதுக.

3. ‘பொதுப் பாதுகாப்பும் தனிமனித மானமும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடல் ஒன்றை நிகழ்த்துக.